வாசகர் கேள்வி–பதில்: ஈட்டி ஏந்தியவர் எல்லாம் ஈட்டிப்படையா?

மேசைமீது சிற்றுருவப் படைகளை நிறுத்தி, அளவுகோலையும் பகடையையும் கொண்டு பழங்காலப் போர்களை ஆடிப் பார்க்கும் விளையாட்டைப் பற்றி வந்த கடிதங்களில், படைகளை வகைபிரிப்பது தொடர்பானவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ரோமக் குடியரசுக் காலத்துப் படை ஒன்றை 15 மில்லிமீட்டர் பொம்மைகளில் சேர்த்து வருகிறேன். டிபிஏ (டி பெல்லிஸ் ஆண்டிகிட்டாட்டிஸ்) விதிநூலின்படி முதல் இரண்டு வரிசைகளான ஹஸ்தாத்தியும் பிரின்கிபெஸும் 'வாள்' வகை. மூன்றாம் வரிசையான திரியாரி 'ஈட்டி' வகை. மூவருமே கேடயமும் தலைக்கவசமும் அணிந்த கனரகக் காலாட்கள்தாமே? ஈட்டி ஏந்திய திரேசியரை (பால்கன் பகுதியின் பழங்குடியினரை) மட்டும் ஏன் 'ஆக்சிலியா' என்று தனியே வைக்கிறார்கள்? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: வகையின் பெயர் வீரனின் கையிலுள்ள ஆயுதத்தைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அந்தப் பெயர் உண்மையில் குறிப்பது, அந்த வீரர்கள் எப்படிப் போரிட்டார்கள், யாரிடம் வென்றார்கள், யாரிடம் உடைந்தார்கள் என்பதையே.

இந்த அணுகுமுறை தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. இங்கிலாந்தின் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் 1969 முதல் வெளியிட்டுவந்த பழங்காலப் போர் விதிகள், கவசத்தின் கனத்தையும் அணியின் நெருக்கத்தையும் வைத்தே காலாட்களைக் கனரகம், நடுத்தரம், இலகு என்றும், குதிரைவீரரை இலகுவிலிருந்து மிகக் கனரகம் வரையிலும் பல படிகளாகப் பிரித்தன; ஏந்திய ஆயுதம் அதன்மேல் இன்னொரு குறிப்பாகச் சேர்க்கப்பட்டது. நீங்கள் கேட்பது அந்தப் பழைய கண்ணோட்டத்திலிருந்து எழும் கேள்வி. அந்த முறையில் உங்கள் மூன்று வரிசைகளும் ஏறக்குறைய அருகருகேதான் நின்றிருக்கும். பில் பார்க்கரும் ரிச்சர்ட் போட்லி ஸ்காட்டும் இணைந்து உருவாக்கி 1990இல் வெளிவந்த டிபிஏ, கவசக் கணக்கை ஏறத்தாழ முழுவதுமாகக் கைவிட்டு, போர்க்களத்து நடத்தையை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டது.

அந்த அளவுகோலை, பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் வருணிக்கும் லீஜியன் என்ற ரோமப் பெரும்படைப்பிரிவின்மேல் வைத்துப் பாருங்கள். ஹஸ்தாத்தியும் பிரின்கிபெஸும் பைலம் எனப்படும் கனமான எறியீட்டியை வீசிவிட்டு, வாளை உருவிக்கொண்டு, ஒவ்வொருவரும் கையை வீசத் தேவையான இடைவெளியுடன் எதிரியை நெருங்குபவர்கள். ஆகவே அவர்கள், பகடை எண்ணோடு கூட்டப்படும் புள்ளியாக, காலாளுக்கு எதிராக 5 புள்ளியும் குதிரைக்கு எதிராக 3 புள்ளியும் பெறுகிறார்கள். திரியாரி நீண்ட குத்தீட்டியுடன் அசையாமல் நின்று தாங்குபவர்கள் என்பதால் இருதரப்புக்கும் எதிராக 4 புள்ளி. வகைபிரிப்பில் சொல்லவேண்டிய செய்தி முழுவதும் இந்தச் சிறு வேறுபாட்டிலேயே அடங்கிவிடுகிறது: முன்வரிசை காலாளை வெட்டி வீழ்த்தும், ஆனால் குதிரைப் பாய்ச்சலுக்குச் சற்றே அஞ்சவேண்டும்; பின்வரிசை யாரையும் எளிதில் வீழ்த்தாது, யாரிடமும் எளிதில் விழாது.

இதில் ஒரு சுவையான இடமும் உண்டு. கி.மு. 223இல் இன்சுப்ரியக் கெல்ட்டியரை எதிர்கொண்டபோது, எதிரியின் முதல் வாள்வீச்சுகளின் வேகத்தை மழுங்கடிப்பதற்காக, ரோமத் தளபதிகள் திரியாரியின் ஈட்டிகளை வாங்கி முன்வரிசைக்குக் கொடுத்தார்கள் என்று பொலிபியஸ் எழுதுகிறார். அன்றைக்கு மட்டும் ஹஸ்தாத்தியை 'ஈட்டி' வகையில் சேர்ப்பதா? நான் சேர்க்கமாட்டேன். ஈட்டி தன் வேலையை முடித்ததும் வாளுக்கு மாறவேண்டும் என்பதுதான் அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. கையிலிருந்த பொருள் சற்று நேரம் மாறியதே தவிர, அவர்கள் போரிடும் முறை மாறவில்லை.

திரேசியருக்கும் இதே விடைதான். அவர்களுடைய ஈட்டி நீளமாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர்கள் தோளோடு தோள் சேர்த்துக் கேடயச் சுவர் கட்டி நின்றவர்கள் அல்லர். கரடுமுரடான நிலத்திலும் அணி கலையாமல் ஓடவும், எறியவும், தேவைப்பட்டால் கைகலக்கவும் கூடியவர்கள். விதிநூல் அவர்களைத் தளர்ந்த அணியில் நிற்கும் 'ஆக்சிலியா'வாக்கி, சமவெளியில் ஈட்டி அணியின் முன் பலவீனமாகவும், காட்டிலும் மலையிலும் அதே அணிக்கு எமனாகவும் வைக்கிறது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. கி.மு. 390இல் லெக்கேயம் அருகே, ஏதென்ஸ் தளபதி இஃபிகிரட்டீஸின் எறியீட்டி வீரர்கள் ஏறத்தாழ 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டப் படைப்பிரிவு ஒன்றை, அருகில் நெருங்கவிடாமல் எறிந்தும் விலகியும் களைக்கவைத்து, சுமார் 250 பேரை வீழ்த்தினார்கள். திறந்த வெளியில் நடந்த அந்த முடிவை டிபிஏ மேசையில் காண்பது அரிது. ஒரு மணி நேரத்தில் ஆடி முடிக்கவேண்டிய விளையாட்டு, நாள்முழுதும் நீண்ட ஒரு தொல்லையை ஒற்றைப் பகடை வீச்சுக்குள் சுருக்கும்போது, இத்தகைய நிகழ்வுகள்தாம் முதலில் கைநழுவிப் போகின்றன.

கேள்வி: 'ஃபீல்ட் ஆஃப் குளோரி' விதிகளில் ஒரே படைக்கு நான்கைந்து அடைமொழிகள் இருக்கின்றனவே, அதுதான் கூடுதல் துல்லியமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: கூடுதல் விவரம் என்று சொல்லலாம், துல்லியம் என்று சொல்லத் தயங்குகிறேன். 2008இல் வெளிவந்த அந்த விதிநூல் கவசம், தரம், பயிற்சி, தாக்கும் திறன் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடுகிறது. ரோம லீஜியனரி முதல் மோதலில் ஒரு திறனும், தொடரும் வாள்போரில் வேறொரு திறனும் பெறுகிறார்; கிரேக்கக் கனரக ஈட்டிக் காலாளான ஹாப்லைட் 'தாக்கும் ஈட்டியாளர்' ஆகிறார். பைலம் வீச்சையும் வாள்போரையும் இரு கட்டங்களாகப் பிரித்துக் காட்டுவது நல்ல சிந்தனை. ஆனால் ஒரு படையின் பயிற்சி எந்த நிலையில் இருந்தது என்பதற்குப் பல நேரங்களில் ஒரு வரலாற்றாசிரியரின் ஒற்றை வரிதான் சான்றாகக் கிடைக்கிறது. அந்த ஒரு வரியிலிருந்து நான்கு மதிப்பீடுகளைப் பிழிந்தெடுத்தால், அவற்றில் மூன்று பட்டியல் தயாரித்தவரின் ஊகமாகவே இருக்கும்.

கேள்வி: அலெக்சாந்தரின் ஹைபாஸ்பிஸ்டுகள் என்ற சிறப்புக் காலாட்களை எந்த வகையில் வைப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஒவ்வொருவருக்கும் ஒரு சான்று இருப்பதுதான் காரணம். ஆரியன் (Arrian) என்ற பண்டைய கிரேக்க ஆசிரியரின் வரலாற்றில் காகமேலாப் போரின்போது (கி.மு. 331) அவர்கள் ஃபேலன்க்ஸ் என்ற நீளீட்டி அணிக்கும் வலப்புறத்தில் 'தோழர்' எனப்பட்ட குதிரைப்படைக்கும் இடையே நிற்கிறார்கள். நீளீட்டி அணியின் வலக் கோடியைக் காக்கும் இடம் அது. எனவே அவர்களும் சரிசா என்ற நீளீட்டியையே ஏந்தியிருப்பார்கள் என்பது ஒரு தரப்பு. அதே ஆரியன், மலைப்பாதைகளைக் கைப்பற்றவும் விரைந்து துரத்தவும் அலெக்சாந்தர் புறப்படும்போதெல்லாம் அவர்களை வில்லாளருடனும் அக்ரியானிய எறியீட்டி வீரருடனும் அழைத்துச் செல்வதாகவும் எழுதுகிறார். இரு கைகளாலும் பிடிக்கவேண்டிய நீளீட்டியைச் சுமந்துகொண்டு பாறைமேல் ஏறுவது எப்படி என்பது மறுதரப்பின் கேள்வி. சீதோனில் கிடைத்து இப்போது இஸ்தான்புல்லில் இருக்கும் 'அலெக்சாந்தர் கல்லறைப் பேழை'யின் புடைப்புச் சிற்பத்தில் பெரிய வட்டக் கேடயம் ஏந்திய மாசிடோனியக் காலாட்கள் காணப்படுவதை மூன்றாவது தரப்பு காட்டி, அவர்களை ஹாப்லைட் போன்ற ஈட்டிப்படையாக்குகிறது.

நான் ஆடும்போது ஆட்டத்தைப் பொறுத்து மாற்றிக்கொள்கிறேன். பெரும் சமவெளிப் போர் என்றால் அவர்களை நீளீட்டி அணியின் பகுதியாகவே வைப்பேன். காகமேலாவில் அந்த அணியின் வலப்பக்கத்தில் இயல்பை மீறிய நடத்தை எதையும் ஆரியன் சொல்லவில்லை. மலைநாட்டுப் போரை ஆடினால் ஆக்சிலியாவாக மாற்றுவேன். ஒரே வீரன் இருவகை ஆயுதங்களிலும் பயிற்சி பெற்றிருக்க முடியாது என்று வாதிடுவோர், அந்தப் படை ஆண்டுமுழுதும் போர்த்தொழிலையே வாழ்க்கையாகக் கொண்டிருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். போட்டிகளில் மட்டும் இந்த உரிமை கிடையாது. அங்கே பட்டியல் சொல்வதே சட்டம்.

கேள்வி: நீளீட்டி ஃபேலன்க்ஸ் 16 வரிசை ஆழம் என்று படித்தேன். பொம்மைகளை ஒட்டிவைக்கும் ஒரு தட்டில் ஒரே வரிசையாக நான்கு பொம்மைகள் நிற்கும்போது அந்த ஆழம் எங்கே போகிறது? (வாசகர், சென்னை)

பதில்: ஆழம் தட்டுகளின் அடுக்கில் காட்டப்படுகிறது. பொம்மைகளின் எண்ணிக்கை ஓர் அடையாளம் மட்டுமே. நான்கு பொம்மை என்றால் நெருங்கிய அணி, மூன்று என்றால் சற்றுத் தளர்ந்தது, இரண்டு என்றால் சிதறி ஓடுபவர்கள் என்று கண்ணால் பார்த்தவுடன் தெரிவதற்காக. ஒரு தட்டு இத்தனை பேர் என்ற நிலையான கணக்கும் டிபிஏயில் கிடையாது. எந்தப் படையும் 12 தட்டுகள் என்பதால், பெரிய படையில் ஒரு தட்டு அதிக வீரர்களைக் குறிக்கும்.

அஸ்கிலெப்பியோடோட்டஸ் என்ற பழைய கிரேக்க ஆசிரியர் 16 பேர் அகலமும் 16 பேர் ஆழமும் கொண்ட 256 பேர் சதுரத்தை அடிப்படை அலகாக வைக்கிறார். பொலிபியஸோ அந்த அணியின் பலத்தை முன்னால் நிற்பவனின் கண்ணோட்டத்தில் சொல்கிறார்: முதல் ஐந்து வரிசையினரின் ஈட்டி முனைகள் அணிக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், ரோம வீரனுக்கு வாள்வீச இருமடங்கு இடம் தேவைப்படுவதால், அவன் ஒருவன் இரண்டு ஃபேலன்க்ஸ் வீரர்களையும் பத்து ஈட்டி முனைகளையும் எதிர்கொள்ள நேரும்.

விதிநூல் இதை மிகச் சிக்கனமாகக் காட்டுகிறது. ஒற்றை நீளீட்டித் தட்டு காலாளுக்கு எதிராக வெறும் 3 புள்ளி. அதன் பின்னால் இன்னொரு நீளீட்டித் தட்டு நின்றால், வாள்வகையை எதிர்க்கும்போது மேலும் 3 சேர்ந்து 6 ஆகிறது. எதிரே உள்ள லீஜியன் தட்டுக்கு 5. நேருக்கு நேர் மோதினால் ஃபேலன்க்ஸ் முன்னேறும். ஆனால் அந்த ஒரு புள்ளி மேம்பாட்டுக்காக நீங்கள் இரண்டு தட்டுகளை ஒரே தட்டின் அகலத்துக்குள் அடக்கிவிட்டீர்கள். உங்கள் முகப்பு எதிரியின் முகப்பைவிடக் குறுகிவிட்டது. நீண்டிருக்கும் எதிரி வரிசை ஒரு பக்கத்தில் மேவி நின்றால் 1 புள்ளி குறையும், இரு பக்கமும் மேவினால் 2. விலாவில் எதிரி தட்டு வந்து ஒட்டிக்கொண்டால், பின்வாங்கவேண்டிய நிலையில் அந்த அணி பின்வாங்காமல் அழிந்தே போகும்.

கினோஸ்கெஃபாலேயில் (கி.மு. 197) நடந்ததும் இதுவே. மாசிடோனிய மன்னன் ஐந்தாம் பிலிப்பின் வலப்பாதி ரோமரைச் சரிவில் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. இடப்பாதி இன்னும் அணிவகுத்து முடியாத நிலையில் ரோமரின் யானைகளிடமும் வலப்படையிடமும் உடைந்தது. அப்போது பெயர் தெரியாத ஒரு ரோமத் தளபதி, 20க்கு மேற்படாத சிறு பிரிவுகளைத் தானாகவே முடிவெடுத்துப் பிரித்துக்கொண்டு, வென்றுகொண்டிருந்த மாசிடோனிய வலப்பாதியின் முதுகில் பாய்ந்தான். நீளீட்டியோடு திரும்ப வழியில்லாதவர்கள் நின்ற இடத்திலேயே வீழ்ந்தார்கள். இந்தப் போரை மேசையில் ஆடும்போது மாசிடோனியப் படைகளை எல்லாம் முன்கூட்டியே வரிசையாக அடுக்கிவைத்துத் தொடங்குவோர் போரின் பாதியைத் தொலைத்துவிடுகிறார்கள். இடப்பாதியை அணிவகுப்பு நடையிலேயே மேசைக்குள் கொண்டுவாருங்கள்.

கேள்வி: டிபிஏயில் பார்த்தியக் குதிரை வில்லாளிகள் அம்பே எய்வதில்லை. காரே போரை எப்படி ஆடுவது? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: அவர்கள் எய்கிறார்கள், அளவுகோல் வைத்துத் தொலைவை அளந்து எய்வதில்லை, அவ்வளவுதான். அந்த விதியில் தூரத்திலிருந்து எய்யும் உரிமை வில் அணிக்கும், பொறிகளுக்கும், போர் வண்டிகளுக்கும் மட்டும் உரியது. குதிரை வில்லாளி, கவண் வீரன் ஆகியோர் எதிரியின் அருகே பாய்ந்து வந்து எய்துவிட்டு விலகுபவர்கள் என்பதால், அவர்களுடைய அம்பும் கல்லும் கைகலப்புப் புள்ளிக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டன. இரண்டு தட்டுகள் தொட்டுக்கொண்டு நிற்பதை வாளோடு வாள் மோதுவதாக எண்ணாமல், ஐம்பது அடி இடைவெளியில் தூசிக்கு நடுவே நடக்கும் தொல்லையாக எண்ணிப் பாருங்கள்.

காரேயில் (கி.மு. 53) வெற்றியைத் தந்தது வில் மட்டுமன்று. பார்த்தியத் தளபதி சுரேனாவிடம் ஆளும் குதிரையும் முழுக்கவசம் பூண்ட ஆயிரம் கேட்டஃப்ராக்டுகள் இருந்தார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ரோமர் அம்புக்கு அஞ்சி நெருங்கி நின்றால் அம்பு தவறாமல் தைக்கும். விரிந்து நின்றால் கவசக்குதிரை உள்ளே புகும். அம்பு தீர்ந்துபோகும் என்ற நம்பிக்கையையும் அம்புகளைச் சுமந்து வந்த ஒட்டகங்கள் பொய்யாக்கிவிட்டன. ஆகவே கேட்டஃப்ராக்டை வெறும் 'குதிரைப்படை' வகையில் வைத்தால் இந்த இரட்டைப் பிடி மேசையில் தோன்றாது; நேரே பாய்ந்து மோதும் கனரகக் குதிரையான 'நைட்' வகையில் வைப்பதே சரி. ரோமத் தளபதி கிராசுஸின் மகன் புப்ளியுஸுடன் சென்ற, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக் குதிரைவீரர்கள் அந்த நீண்ட ஈட்டிகளைக் கையால் பற்றி இழுத்தும், குதிரைகளின் அடியில் புகுந்து வயிற்றில் குத்தியும் போராடி மடிந்தார்கள் என்பதைப் படித்தால், இலகுவான குதிரை எதிரே என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கேள்வி: ஆப்பிரிக்க யானைக்கும் இந்திய யானைக்கும் தனி வகை வேண்டுமா? (வாசகர், சேலம்)

பதில்: ரஃபியாவை (கி.மு. 217) ஆடுவதாக இருந்தால் வேண்டும், மற்றபடி தேவையில்லை. அந்தப் போரில் எகிப்திய மன்னர் தாலமியிடம் 73 ஆப்பிரிக்க யானைகளும் செலூசிட் மன்னர் அந்தியோக்கஸிடம் 102 இந்திய யானைகளும் இருந்தன. இந்திய யானைகளின் வாடையையும் பிளிறலையும் பொறுக்காமல் தாலமியின் யானைகளில் பெரும்பாலானவை மோத மறுத்துத் திரும்பின என்பது பொலிபியஸின் கூற்று. டிபிஏ எல்லா யானைகளையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஒரே வகைக்குள் உயர்ந்தது, தாழ்ந்தது என்று தரம் பிரிக்கும் விதிகளும் இருக்கின்றன. ஆனால் அந்தப் போரில் இறுதியில் வென்றவர் தாலமிதான், வெற்றியைத் தந்தது அவருடைய ஃபேலன்க்ஸ் என்பதால், யானையின் தரத்தைப் பற்றி அளவுக்கு மேல் கவலைப்படவேண்டாம். யானையை எதிர்க்கச் சிதறி ஓடும் எறியீட்டி வீரர்களை அனுப்புங்கள். அவர்கள் வெல்வது எளிதன்று; வென்றால் யானை பின்வாங்காது, ஆட்டத்திலிருந்தே நீங்கும். ஸாமாவில் (கி.மு. 202) கார்த்தேஜ் தளபதி அன்னிபாலின் 80 யானைகளை எதிர்கொள்ள, தன் படைப்பிரிவுகளுக்கு இடையே சந்துகளை விட்டு, அவற்றில் இலகு வீரர்களை நிறுத்திய ரோமத் தளபதி சிப்பியோவின் உத்தியை நினைவூட்டும் விதி இது.

கேள்வி: தமிழ் அரசுகளின் படைகளுக்கு இந்த விளையாட்டில் இடம் உண்டா? நால்வகைப் படை என்று நம்மிடமே ஒரு வகைபிரிப்பு இருக்கிறதே? (வாசகர், மதுரை)

பதில்: டிபிஏயின் பட்டியல்களில் தமிழரையும் சிங்களவரையும் சேர்த்து ஒரு பட்டியல் இருக்கிறது. அதைத் தயாரித்தவர்களின் இக்கட்டு எனக்குப் புரிகிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படைப் பகுப்பு, வீரன் எதன்மேல் ஏறிவந்தான் என்பதைச் சொல்கிறது. எப்படிப் போரிட்டான் என்பதைச் சொல்வதில்லை. காலாள் என்ற ஒரே சொல்லுக்குள் வில்லாளி, வேல் எறிபவன், வாள்வீரன் ஆகிய மூவரும் அடங்கிவிடுகிறார்கள். மேசையிலோ அவர்கள் மூன்று வெவ்வேறு வகையினர்.

தேரும் ஒரு சிக்கல்தான். கி.மு. 326இல் அலெக்சாந்தரை எதிர்த்த இந்திய மன்னன் போரஸின் படையில் 300 தேர்கள் இருந்ததாக ஆரியன் எழுதுகிறார். அங்கே அது போர்க்கருவி. சங்கப் பாடல்களில் தேர் மன்னனின் ஊர்தியாகவும், முல்லைக்குப் பாரி ஈந்ததுபோல் கொடைப்பொருளாகவும் திரும்பத் திரும்ப வருகிறது. அது எதிரி அணியின்மேல் பாய்ந்ததைக் கொண்டு புள்ளி போடப் போதுமான விவரம் கிடைப்பதில்லை. நான் ஒரு தேரைத் தளபதியின் தட்டில் மட்டும் வைப்பேன்.

சோழர் காலத்துக்கு வந்தால் பெயர்களுக்குக் குறைவில்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கைக்கோளர், வேளைக்காரர், வில்லிகள், குதிரைச்சேவகர் எனப் பல படைப்பிரிவுகள் வரிசையாக வருகின்றன. ஆனால் அவை கோயிலுக்குக் கொடை அளித்தோராகவும் பொறுப்பேற்றோராகவும் வருகின்றன. கைக்கோளர் படை நெருங்கி நின்று போரிட்டதா, விரிந்து நின்றதா என்பதை எந்தக் கல்வெட்டும் நமக்காகப் பதிவு செய்யவில்லை. செங்கம் பகுதி நடுகற்களில் வாளும் வில்லும் ஏந்திய வீரர்களைக் காணலாம். அவர்கள் பெரும்பாலும் ஆநிரைப் பூசலில் விழுந்தவர்கள், பெரும் போரின் அணிவகுப்புக்கு நேரடிச் சான்றாகமாட்டார்கள். குதிரைகள் கடல்வழியாகப் பெரும் விலைக்கு வந்தவை என்பதை மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதுவதால், குதிரைத் தட்டுகளைக் குறைத்து வைப்பதற்கு மட்டும் உறுதியான காரணம் இருக்கிறது. யானைகளை எடுங்கள், வில் தட்டுகளை எடுங்கள். வாள்வீரரை 'வாள்' வகையில் வைப்பதா, தளர்ந்த அணி ஆக்சிலியாவாக வைப்பதா என்பதை எதிராளியுடன் பேசி முடிவுசெய்துகொண்டு ஆடுங்கள்.

கேள்வி: விதிநூல் மாறும்போதெல்லாம் பொம்மைகளைத் தட்டிலிருந்து பெயர்த்து மீண்டும் ஒட்டவேண்டுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டியதில்லை. 15 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு 40 மில்லிமீட்டர் அகலத் தட்டு என்பது டிபிஏக்கும், அதன் வழிவந்த டிபிஎம்முக்கும், ஃபீல்ட் ஆஃப் குளோரிக்கும் பொது. தட்டின் ஆழம் மட்டும் வகைக்கேற்ப மாறும்: நெருங்கிய ஈட்டி, நீளீட்டி, வாள் வகைகளுக்கு 15 மில்லிமீட்டர், ஆக்சிலியாவுக்கு 20, குதிரைக்கு 30, யானைக்கு 40. ஹைபாஸ்பிஸ்ட் போல வகை மாறக்கூடிய படையை மட்டும் 20 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒட்டிவையுங்கள். நட்புமுறை ஆட்டத்தில் அந்த 5 மில்லிமீட்டருக்காக யாரும் வழக்காடமாட்டார்கள்.